புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை: ஃபேன் சுற்றுகிறது, உடனே நின்றுவிடுகிறது

பாலக்கோடு_ஆல்பம் | சனி, இரவு 9:10

வணக்கம். பாலக்கோட்டில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். பழைய கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. அதனால் புதிதாக ஒன்று நானே மாட்டினேன். பாகங்களில் பாதி பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கியவை, மீதி ஆன்லைன்.

ரைசன் 7 7700, பி650 மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டு, டி.டி.ஆர்.5 6000 ராம் 16 ஜி.பி. இரண்டு, ஆர்.டி.எக்ஸ். 4060, 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை பெட்டி), 1 டி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.

பட்டனை அழுத்தினால் ஃபேன்கள் சுற்றுகின்றன, விளக்கெல்லாம் எரிகிறது, உடனே மொத்தமும் அணைந்துவிடுகிறது. மானிட்டரில் எதுவும் வரவில்லை. ஆவணி முகூர்த்த ஆல்பங்கள் வரிசையில் நிற்கின்றன. எங்கே தொடங்கிப் பார்ப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

---

அரூர்_மஞ்சள் | சனி, இரவு 9:22

எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது. யோசிக்கவே வேண்டாம், ரிட்டர்ன் போடுங்கள். என் மச்சானுக்கும் இப்படித்தான் ஆனது.

---

தொப்பூர்_இறக்கம் | சனி, இரவு 9:31

சாயங்காலம் போட்டுப் பார்த்தீர்களா? எங்கள் பக்கம் மோட்டார் எல்லாம் ஓடும் நேரத்தில் டியூப்லைட்டே கண்ணடிக்கும். லோ வோல்டேஜாக இருக்கும். ஸ்டெபிலைசர் வழியாகக் கொடுத்துப் பாருங்கள்.

---

ஓசூர்_சால்டர் | சனி, இரவு 9:48

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள்.

வோல்டேஜ் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ளே வரும் மின்சாரம் 100-240 என்று இருந்தால், வீட்டில் 170 வந்தாலும் அது ஓடும். 200-240 என்று மட்டும் இருந்தால் தொப்பூர் அண்ணன் சொல்வதை யோசிக்கலாம். லேபிளை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள் தம்பி.

அப்புறம் முதலில் பார்க்க வேண்டியவை: 24 பின் கேபிள் க்ளிப் விழும் வரை உள்ளே போயிருக்கிறதா? பிராசசர் பக்கத்தில் மேல் மூலையில் 8 பின் இருக்கும், அதில் 4+4 என்று பிரியும் கேபிள் போகிறதா? 6+2 என்று பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கானது. அந்த 8 பின்னை மறந்துவிட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் இரவெல்லாம் முழிக்கிறார்கள்.

---

பாலக்கோடு_ஆல்பம் | சனி, இரவு 10:05

அக்கா, லேபிளில் 100-240 என்றுதான் இருக்கிறது. 24 பின், 8 பின் இரண்டையும் கழற்றி மறுபடி மாட்டினேன், க்ளிப் சத்தம் கேட்டது. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி வைத்துவிட்டும் பார்த்தேன். அதேதான்.

---

கிருஷ்ணகிரி_சர்வீஸ் | சனி, இரவு 10:40

தம்பி, "உடனே" என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு நேரம் கழித்து? போனில் வீடியோ எடுத்து, ஃபேன் அசைந்ததிலிருந்து நிற்கும் வரை எத்தனை விநாடி என்று பார்த்துச் சொல்லுங்கள். அது தெரியாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட வேண்டாம்.

ஏன் கேட்கிறேன் என்றால், எங்கே கோளாறு என்பதை அந்த நேரமே பாதி சொல்லிவிடும். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் "ஆன் ஆகவில்லை" என்றுதான் சொல்வார்கள். அதற்குள் பல வகை இருக்கிறது.

எதுவுமே அசையவில்லை, போர்டில் ஒரு விளக்குகூட இல்லை என்றால் மின்சாரம் போர்டுக்கே வரவில்லை. பிளக், எஸ்.எம்.பி.எஸ். பின்னால் உள்ள சுவிட்ச், 24 பின் கேபிள் என்று அந்தப் பக்கம் பார்க்க வேண்டும்.

ஃபேன் ஒரு அசைவு அசைந்து, கண் மூடித் திறப்பதற்குள் நின்றால் எங்கேயோ ஷார்ட். எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துகொள்கிறது. அதில் அதிகம் பார்த்தது கேபினெட் ஸ்டாண்டாஃப், அதாவது போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ். பெரிய போர்டுக்கு ஏற்றபடி கம்பெனியிலேயே அவற்றை முறுக்கி அனுப்பியிருப்பார்கள். உங்களுடையதைப் போல மைக்ரோ போர்டு வைத்தால், ஓட்டையே இல்லாத இடத்தில் ஒரு குமிழ் போர்டின் முதுகைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதியமான்கோட்டையிலிருந்து ஒருவர் கொண்டுவந்த பெட்டியில் இதே கதை. அதற்குள் அவர் எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றிவிட்டிருந்தார், ராமை மாற்றிவிட்டிருந்தார். அந்தப் பணத்துக்கு இன்னொரு எஸ்.எஸ்.டி. போட்டிருக்கலாம்.

நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, டிஸ்ப்ளே மட்டும் இல்லை என்றால் அது முற்றிலும் வேறு வழக்கு. ராம், கார்டு, பயாஸ் (போர்டுக்குள்ளேயே இருக்கும் தொடக்க மென்பொருள்), மானிட்டர் கேபிள் என்று போகும்.

உங்களுடையது எது?

---

பாலக்கோடு_ஆல்பம் | ஞாயிறு, காலை 7:15

அண்ணா, வீடியோ எடுத்துப் பார்த்தேன். நான்கு விநாடி. திரும்பத் திரும்ப எடுத்தாலும் அதே நான்குதான். இன்னொன்று: அணைந்த பிறகு பட்டனை அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை. பின்னால் சுவிட்சை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால், சில சமயம் நான் தொடாமலேயே ஸ்டார்ட் ஆகி, நான்கு விநாடியில் நிற்கிறது.

போர்டைக் கழற்றி அடியிலும் பார்த்துவிட்டேன். ஸ்டாண்டாஃப் எல்லாம் ஓட்டைக்கு நேராகத்தான் இருக்கிறது.

---

அரூர்_மஞ்சள் | ஞாயிறு, காலை 7:40

தானாக ஆன் ஆகி ஆஃப் ஆனால் அது எஸ்.எம்.பி.எஸ். தான். நான் சொன்னேன் அல்லவா. 24 பின்னில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஜெம் க்ளிப்பால் இணைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

---

கிருஷ்ணகிரி_சர்வீஸ் | ஞாயிறு, காலை 8:30

மஞ்சள் சார், அந்த க்ளிப் சோதனையில் தெரிவது எஸ்.எம்.பி.எஸ். ஆன் ஆகிறதா என்பது மட்டும்தான். அது இங்கே ஏற்கெனவே ஆன் ஆகிறதே! லோடு ஏறும்போது தாங்குமா என்பதை க்ளிப் சொல்லாது. வெறும் ஃபேனைச் சுற்றவிட்டு "நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்த எத்தனையோ எஸ்.எம்.பி.எஸ்.கள் கிராபிக்ஸ் கார்டு போட்டதும் படுத்திருக்கின்றன. இப்போது வரும் பல கேபிள்களில் எல்லா வயரும் கறுப்பு வேறு. பச்சையைத் தேடுவது வீண், பின் எண் 16, 17 என்று எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தவறான இரண்டை இணைத்தால் வேறு வம்பு.

தம்பி, நான்கு விநாடி என்பது நல்ல செய்தி. கம்ப்யூட்டர் உறைந்துபோனால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்போம் அல்லவா? எத்தனை விநாடி பிடிக்கிறோம்? நான்கு. அது ஏ.சி.பி.ஐ. என்ற பொது விதியில் இருக்கிறது, போர்டுகள் பெரும்பாலும் அதைத்தான் பின்பற்றுகின்றன. யாரோ பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதாக உங்கள் போர்டு நினைக்கிறது. கேபினெட்டின் பவர் சுவிட்ச் உள்ளே போய் மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது அந்த ஒயர் எங்கேயோ நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது. பட்டன் வெளியே பார்க்க நன்றாகத்தான் எழும்பி நிற்கும். உள்ளே இருக்கும் சின்ன சுவிட்ச் எழும்பியிருக்காது.

ஷார்ட்டாக இருந்தால் இவ்வளவு ஒழுங்காக ஒவ்வொரு தடவையும் நான்கு எண்ணிவிட்டு அணையாது.

செய்ய வேண்டியது: போர்டின் கீழ் மூலையில் மாட்டிய முன்பக்க ஒயர்கள் எல்லாவற்றையும், பவர், ரீசெட், விளக்கு ஒன்று விடாமல் பிடுங்கிவிடுங்கள். மேனுவலில் பவர் சுவிட்ச் என்று போட்டிருக்கும் இரண்டு பின்களைப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் நுனியால் அந்த இரண்டையும் ஒரு தொடு தொட்டுவிட்டு எடுத்துவிடுங்கள். பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம், மறுபடி நான்கு விநாடிதான் ஆகும்.

---

பென்னாகரம்_பாலிடெக்னிக் | ஞாயிறு, காலை 9:02

அண்ணா, ஸ்க்ரூடிரைவரால் தொட்டால் ஷாக் அடிக்காதா? போர்டு போய்விடாதா? எனக்கும் இதே மாதிரி ஒரு பிரச்சினை இருக்கிறது, இவருடையது முடிந்ததும் கேட்கிறேன்.

---

ஓசூர்_சால்டர் | ஞாயிறு, காலை 9:20

அடிக்காது தம்பி. அந்தப் பின்களில் இருப்பது ஐந்து வோல்ட்டுக்கு மேல் போகாத ஒரு சிக்னல். கேபினெட் பட்டனும் அதே இரண்டு பின்களைத்தான் ஒரு நொடி சேர்த்துவைக்கிறது. ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது பக்கத்துப் பின்களில் நுனி படாமல் பார்த்துக்கொள்வதில்தான்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். நான் போர்டு அசெம்பிளி லைனில் வேலை பார்க்கிறேன். மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டாமல் ஒரு போர்டைத் தொட விடமாட்டார்கள். வீட்டில் அது இருக்காது, பரவாயில்லை. பெயின்ட் இல்லாத கேபினெட் தகட்டை அவ்வப்போது தொட்டுக்கொண்டு வேலை செய்தால் போதும். நைலான் புடவை, பாலியஸ்டர் வேட்டியோடு உட்காராதீர்கள். இதைச் சொன்னால் லைனில் எல்லாரும் சிரிப்பார்கள், ஆனால் உண்மை.

---

பாலக்கோடு_ஆல்பம் | ஞாயிறு, காலை 11:50

அண்ணா! ஓடுகிறது! ஒயரைப் பிடுங்கிவிட்டு ஸ்க்ரூடிரைவரால் தொட்டேன், அணையவே இல்லை.

ஆனால் டிஸ்ப்ளே வரவில்லை. போர்டில் நான்கு சின்ன விளக்குகள் இருக்கின்றன: சி.பி.யு., டிராம் (ராம்), வி.ஜி.ஏ. (கிராபிக்ஸ்), பூட். டிராம் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்து, மறுபடி போட்டேன். அதே இடத்தில் நிற்கிறது.

---

அரூர்_மஞ்சள் | ஞாயிறு, மதியம் 12:04

சரி, எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கிறேன். இப்போது ராம். கழற்றி, தங்க நிறக் காலில் அழிரப்பர் போட்டுத் தேயுங்கள்.

---

ஓசூர்_சால்டர் | ஞாயிறு, மதியம் 12:15

பத்து வருடம் தூசியில் கிடந்த ராமுக்கு அழிரப்பர் சரி. நேற்று பிரித்த ராமுக்கு எதற்கு? தேய்க்காதீர்கள்.

---

கிருஷ்ணகிரி_சர்வீஸ் | ஞாயிறு, மதியம் 12:30

தம்பி, ஆஃப் பண்ணாதீர்கள். அந்த ஒரு நிமிடத்தில் அணைப்பதுதான் இப்போது சிக்கல்.

உங்கள் போர்டு ஏ.எம்.5. 2022 செப்டம்பரில் ரைசன் 7000 வரிசையோடு வந்த, பிராசசர் உட்காரும் சாக்கெட், டி.டி.ஆர்.5 மட்டும்தான் ஏற்கும். இந்த ராமின் வேகத்தில் சிக்னல் மிக நுணுக்கமான நேரக் கணக்கில் போய்வர வேண்டும். அதனால் புது ராமை முதல்முறை பார்க்கும்போது போர்டு ஒவ்வொரு தடத்தையும் சோதித்து, எந்த நேரக் கணக்கில் பிழையில்லாமல் படிக்கிறது என்று சரிசெய்துகொள்ளும். மெமரி டிரெயினிங் என்பார்கள். நீங்கள் கல்யாண வீட்டில் பார்த்திருப்பீர்கள், நாதஸ்வரக்காரர் சுருதி சேர்த்து முடிக்கும் வரை கெட்டிமேளம் கேட்டாலும் கிடைக்காது. அதுபோலத்தான். அந்த நேரம் முழுக்கத் திரை கறுப்பாகத்தான் இருக்கும், டிராம் விளக்கு எரியும், நடுவில் தானே ஒருமுறை அணைந்து எரிந்தாலும் எரியும். பல நிமிடங்கள் ஆகும். ராம் அளவு கூடக்கூட நேரமும் கூடும். நடுவில் அணைத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று மட்டும் பாருங்கள். நான்கு ராம் ஸ்லாட் இருந்தால், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்க வேண்டும். மாறியிருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள். கிராபிக்ஸ் கார்டு வெளியிலேயே இருக்கட்டும். 7700-க்கு உள்ளேயே சின்ன கிராபிக்ஸ் இருக்கிறது. மானிட்டர் கேபிளைப் போர்டிலேயே சொருகுங்கள்.

பிறகு போட்டுவிட்டு, கடைத்தெருவுக்குப் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். கால் மணி நேரம் தாண்டியும் டிராம் விளக்கிலேயே நின்றால் ஒரு ராமை மட்டும், இரண்டாவது ஸ்லாட்டில் வைத்து மறுபடி. அதற்கும் மசியாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் உள்ள காசு போன்ற பட்டன் பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். அதுவரை போக வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

---

தொப்பூர்_இறக்கம் | ஞாயிறு, மதியம் 12:41

கால் மணி நேரத்தில் கரண்ட் போனால்?

---

கிருஷ்ணகிரி_சர்வீஸ் | ஞாயிறு, மதியம் 12:44

இன்னொரு டீ.

---

பாலக்கோடு_ஆல்பம் | ஞாயிறு, மதியம் 1:35

வந்துவிட்டது! ராம் ஒன்றாவது, மூன்றாவது ஸ்லாட்டில் இருந்தது, மாற்றினேன். போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பயாஸ் திரை காத்துக்கொண்டிருக்கிறது. 32 ஜி.பி. காட்டுகிறது, என்.வி.எம்.இ. காட்டுகிறது. இப்போது பூட் விளக்கு எரிகிறது, அது பரவாயில்லையா? ராம் வேகம் 4800 என்று காட்டுகிறதே, நான் 6000-க்குத்தானே பணம் கொடுத்தேன்? கடையில் ஏமாற்றிவிட்டார்களா?

---

கிருஷ்ணகிரி_சர்வீஸ் | ஞாயிறு, மதியம் 2:10

யாரும் ஏமாற்றவில்லை. பூட் விளக்கு எரிவது, உள்ளே இன்னும் விண்டோஸ் இல்லை என்பதால். இன்ஸ்டால் செய்ததும் போய்விடும்.

4800 என்பது எல்லா போர்டும் பாதுகாப்பாக எடுத்துக்கொள்ளும் வேகம். 6000 வேண்டுமானால் பயாஸில் எக்ஸ்போ என்று ஒரு ப்ரொஃபைல் இருக்கும், நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும். இன்று வேண்டாம். முதலில் விண்டோஸ் போடுங்கள், போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து புது பயாஸ் எடுத்துப் பென்டிரைவில் வைத்து ஏற்றுங்கள், ஒரு நாள் ஓட்டுங்கள். அப்புறம் எக்ஸ்போ. அதைப் போட்டதும் டிரெயினிங் மறுபடி நடக்கும், திரை மறுபடி கறுக்கும். இந்தத் தடவை எஸ்.எம்.பி.எஸ்ஸை யாரும் குறை சொல்லக்கூடாது.

தினமும் ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தால் பயாஸில் மெமரி கான்டெக்ஸ்ட் ரெஸ்டோர் என்று ஒன்று இருக்கும். ஒருமுறை சரிசெய்த கணக்கையே சேமித்துவைத்து அடுத்த முறை பயன்படுத்தும். அதைப் போட்டபின் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று நீலத்திரை காட்டினால் எடுத்துவிடுங்கள்.

---

தொப்பூர்_இறக்கம் | ஞாயிறு, மாலை 4:20

நான் வோல்டேஜ் என்று சொன்னதை எல்லாரும் தள்ளிவிட்டீர்கள். சரி. ஆனால் யு.பி.எஸ். பற்றி யாரும் பேசவில்லையே? ஆல்பம் பாதியில் கரண்ட் போனால் வேலை போச்சு. என்னிடம் பழைய 600 வி.ஏ. ஒன்று சும்மா கிடக்கிறது, தம்பிக்குக் கொடுக்கலாம்.

---

ஓசூர்_சால்டர் | ஞாயிறு, மாலை 4:55

அண்ணா, 600 வி.ஏ. என்று பெட்டியில் இருந்தாலும் சாதாரண யு.பி.எஸ்ஸில் அது சுமார் 360 வாட்தான் தாங்கும். 4060 மட்டுமே 115 வாட் வரை இழுக்கும், மேலே பிராசசர், மானிட்டர். ஃபோட்டோ வேலைக்கு அளவோடுதான் இழுக்கும் என்றாலும் பழைய பேட்டரியை நம்ப முடியாது. 1000 வி.ஏ.வுக்குக் குறையாமல் புதிதாக வாங்குவது நல்லது. பிரிண்டரை, அதிலும் லேசர் பிரிண்டரை, அதில் சொருகவே வேண்டாம்.

தம்பி, அதைவிட முக்கியம் எர்த். ஜங்ஷன் பாக்ஸில் மூன்றாவது ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கேபினெட்டின் ஸ்க்ரூவைத் தொட்டால் சுரீர் என்று லேசாக இழுக்கிறதா? இழுத்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாருங்கள்.

---

பாலக்கோடு_ஆல்பம் | ஞாயிறு, மாலை 6:30

அக்கா, இழுக்கிறது. வெறும் காலில் நின்றால் நன்றாகவே தெரிகிறது. ரொம்ப நாளாக இப்படித்தான், பழைய கம்ப்யூட்டரிலும் இருந்தது. நாளைக்கே ஆளைக் கூப்பிடுகிறேன்.

பட்டன் விஷயம்: முன்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பட்டனுக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் முள் கோணலாக வார்த்திருக்கிறது. சுவிட்சை அழுத்தினால் திரும்பி வருவதில்லை. விற்றவர்களிடம் கேட்டால் மொத்தக் கேபினெட்டையும் பேக் செய்து அனுப்பச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் மாட்டி முடித்தபின் அதை எப்படி அனுப்புவது?

---

கிருஷ்ணகிரி_சர்வீஸ் | ஞாயிறு, மாலை 7:05

அனுப்ப வேண்டாம். ரீசெட் பட்டன் இருக்கிறது அல்லவா? அதன் ஒயரை எடுத்துப் பவர் சுவிட்ச் பின்களில் மாட்டுங்கள். இரண்டு பட்டனும் ஒரே வகைதான், அழுத்தினால் சேரும், விட்டால் பிரியும். இனி ரீசெட்டே உங்கள் பவர் பட்டன். எங்கள் ஊர்ப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலை ஒன்றின் ஆபீஸ் கம்ப்யூட்டர் பல வருடமாக அப்படித்தான் ஓடுகிறது.

---

பாலக்கோடு_ஆல்பம் | ஞாயிறு, இரவு 7:40

மாட்டிவிட்டேன் அண்ணா, அருமை. கிராபிக்ஸ் கார்டும் போட்டாயிற்று. விண்டோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. கிருஷ்ணகிரி வந்தால் கடைக்கு வருகிறேன்.

---

பென்னாகரம்_பாலிடெக்னிக் | ஞாயிறு, இரவு 8:15

இப்போது நான் கேட்கலாமா? ஐ5 12400எஃப், எச்610 போர்டு, செகண்ட் ஹேண்ட் ஜி.டி.எக்ஸ். 1650. ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, அணையவில்லை, எந்த விளக்கும் இல்லை. கீபோர்டில் கேப்ஸ் லாக் அழுத்தினால் எரிந்து அணைகிறது. மானிட்டரில் மட்டும் "நோ சிக்னல்". கார்டு போலியா? விற்றவர் போனை எடுக்கவில்லை.

---

கிருஷ்ணகிரி_சர்வீஸ் | ஞாயிறு, இரவு 8:22

கேப்ஸ் லாக் வேலை செய்கிறது என்றால் கம்ப்யூட்டர் உள்ளே உயிரோடுதான் இருக்கிறது. மானிட்டர் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது? போர்டிலா, கார்டிலா?

---

பென்னாகரம்_பாலிடெக்னிக் | ஞாயிறு, இரவு 8:25

போர்டில்தான். இப்போது அண்ணனுக்கு அதில்தானே வந்தது?

---

ஓசூர்_சால்டர் | ஞாயிறு, இரவு 8:31

அவருடையது 7700, உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. இன்டெல்லில் கடைசியில் எஃப் என்று முடிந்தால் அது கிடையாது. போர்டில் ஓட்டை இருக்கும், சிக்னல் வராது. கேபிளைக் கார்டுக்கு மாற்று.

---

பென்னாகரம்_பாலிடெக்னிக் | ஞாயிறு, இரவு 8:36

வந்துவிட்டது. விற்றவருக்கு நிறைய மெசேஜ் அனுப்பிவிட்டேன், அதையெல்லாம் இப்போது டெலிட் செய்துகொண்டிருக்கிறேன்.